வரலாமா, வரக்கூடுமா, அநேகமாக வருமா: உறுதியில்லாததைச் சொல்ல எந்தச் சொல்?

உறுதியாகத் தெரியாத ஒன்றை எழுத்தில் சொல்ல நேரும்போது, தமிழில் எழுதுவோர் பலரும் ஒரே இடத்தில் தயங்கி நிற்கிறார்கள். ‘மழை வரலாம்’ என்று எழுதுவதா, ‘வரக்கூடும்’ என்று எழுதுவதா, ‘வர வாய்ப்புள்ளது’ என்பதா, ‘அநேகமாக வரும்’ என்பதா? பேச்சில் குரலும் முகமும் கூடவே வந்து மிச்சப் பொருளை உணர்த்திவிடுகின்றன. எழுத்தில் சொல் தனியாக நிற்கிறது. அலுவலக அறிக்கை எழுதுவோர், மருந்துக் குறிப்பை மொழிபெயர்ப்போர், செய்தியாளர் என்று எழுத்தைத் தொழிலாகக் கொண்ட எல்லோரையும் இந்தக் கேள்வி ஏதோ ஒரு நாள் மடக்கிவிடுகிறது. இலக்கணப்படி இவை அனைத்தும் சரியானவை. ஆயினும் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தால் அளவு மாறும். சில இடங்களில் பொருளே தலைகீழாகிவிடும்.

## எவற்றை வைத்து எடை போடுவது

முதலில் பார்க்க வேண்டியது அளவு. நிகழ்வு நடக்கும் என்று எவ்வளவு தூரம் நம்புகிறோம் என்பதைச் சொல் காட்ட வேண்டும். இது எளிதாகத் தோன்றினாலும், பட்டறிந்தவர்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள். 1951ஆம் ஆண்டு அமெரிக்க உளவு அமைப்பு ஒன்று, யுகோஸ்லாவியா மீது அவ்வாண்டு படையெடுப்பு நிகழ்வதை மெய்யாகவே கருத்தில் கொள்ள வேண்டிய ஒரு சாத்தியம் என்ற பொருள்படும் தொடரைத் தன் மதிப்பீட்டில் எழுதியது. அந்தப் பணிக்குப் பொறுப்பாக இருந்த ஷெர்மன் கென்ட் மனத்தில் கொண்டிருந்தது நூற்றுக்கு 65 என்னும் அளவு. அறிக்கையைப் படித்தவர் அதைவிட வெகு குறைவாக எடுத்துக்கொண்டார் என்று தெரிந்ததும், அந்தத் தொடருக்கு ஒப்புதல் அளித்த தம் சக பணியாளர்களையே அவர் விசாரித்தார். ஒருவர் 20 என்றார், இன்னொருவர் 80 என்றார், மற்றவர்கள் இடையில் எங்கெங்கோ நின்றார்கள். ஒரே சொல்லுக்குக் கையெழுத்திட்டவர்கள் ஒரே கருத்துக்குக் கையெழுத்திடவில்லை. கென்ட் இதை 1964இல் விரிவாக எழுதினார்.

இரண்டாவது, ஆதாரம். கண்ணால் கண்ட அறிகுறியை வைத்துச் சொல்கிறோமா, வழக்கத்தை வைத்துச் சொல்கிறோமா, வெறும் ஊகமா என்பதைத் தமிழ் வினைமுற்றிலேயே பிரித்துக் காட்ட முடியும். மூன்றாவது, இரட்டைப் பொருள்: அந்தச் சொல்லுக்கு வேறு வேலை ஏதேனும் உண்டா, அந்த வேலை இந்த வாக்கியத்தில் குறுக்கே வருமா? நான்காவது, எதிர்மறை. ‘நடக்கலாம்’ என்பதை எவரும் எழுதிவிடுவார்கள். ‘நடக்காமலும் போகலாம்’ என்பதை எழுதும்போதுதான் சொல்லின் உண்மையான தரம் வெளிப்படுகிறது. கடைசியாக, சொல்லின் தொனி: நல்லதற்கு உரியதா, கெட்டதற்கும் பொருந்துமா, பேச்சுக்கா, எழுத்துக்கா என்பது.

இவற்றுள் எதிர்மறைக்கும் இரட்டைப் பொருளுக்கும் நான் கூடுதல் எடை தருகிறேன். அளவு பிசகினால் படிப்பவர் சற்று அதிகமாகவோ குறைவாகவோ எதிர்பார்ப்பார். மற்ற இரண்டும் பிசகினால் அவர் வேறொன்றையே செய்துவிடுவார்.

## ‘-லாம்’

எல்லோர் கைக்கும் முதலில் வருவது இதுதான். ‘வரல்’ போன்ற தொழிற்பெயரோடு ‘ஆம்’ சேர்ந்து பிறந்த வடிவம் இது. குறுகியது, பேச்சுக்கும் எழுத்துக்கும் பொதுவானது, யாருக்கும் விளங்குவது. இத்தனை வசதி இருப்பதாலேயே இதன் மேல் மொழி மூன்று சுமைகளை ஏற்றிவைத்திருக்கிறது. ‘நீங்கள் உள்ளே வரலாம்’ என்பது அனுமதி. ‘வாருங்கள், போகலாம்’ என்பது அழைப்பு. ‘நாளை மழை வரலாம்’ என்பது ஊகம்.

எழுதிய ‘-லாம்’ எந்த வகை என்று ஐயம் வந்தால் எதிர்மறையாக்கிப் பார்ப்பது நல்ல சோதனை. அனுமதி எதிர்மறையாகும்போது ‘வரக்கூடாது’ என்றாகிறது. அழைப்பு ‘போக வேண்டாம்’ என்றாகிறது. ஊகம் ‘வராமல் இருக்கலாம்’ என்றாகிறது. உடன்பாட்டில் ஒரே உடையில் நின்ற மூவரும் எதிர்மறையில் பிரிந்துவிடுகிறார்கள். ‘ஊழியர்கள் சனிக்கிழமை அலுவலகத்துக்கு வரலாம்’ என்று ஒரு சுற்றறிக்கை சொன்னால், அது அனுமதியா, அவர்கள் வருவார்கள் என்ற எதிர்பார்ப்பா என்று வாயிற்காவலருக்குத் தெரியாது. எழுதியவருக்கு ஐயமே எழாது, ஏனென்றால் அவர் மனத்தில் ஒரே பொருள்தான் இருந்தது.

இறந்தகாலத்தில் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. ‘அவர் முன்பே சொல்லியிருக்கலாம்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னாரா என்று தெரியவில்லை, சொல்லியிருக்க இடமுண்டு என்பது ஒரு பொருள். அவர் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்ற குறைகூறல் இன்னொரு பொருள். முதலாவதில் அவர் சொன்னாரா என்பது திறந்த கேள்வி. இரண்டாவதில் அவர் சொல்லவில்லை என்பது முடிந்த தீர்ப்பு. ஒரு விசாரணை அறிக்கையில் ‘பொறியாளர் விரிசலைக் கவனித்திருக்கலாம்’ என்று எழுதினால், அவர் கவனித்தும் பேசாமல் இருந்தார் என்று ஒருவரும், கவனிக்கத் தவறினார் என்று மற்றொருவரும் படிப்பார்கள். இரண்டுமே குற்றச்சாட்டுகள், ஒன்றுக்கொன்று எதிரான குற்றச்சாட்டுகள்.

அளவைப் பொறுத்தவரை ‘-லாம்’ எதையும் சொல்வதில்லை. நூற்றில் ஒன்றும் ‘நடக்கலாம்’, நூற்றில் எழுபதும் ‘நடக்கலாம்’. அளவைச் சொல்ல விரும்பாத இடத்தில், அல்லது சொல்லத் தேவையற்ற இடத்தில், இது நிறைவாகப் பொருந்தும். ‘கடை மூடியிருக்கலாம், போகுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்’ என்பதில் அளவு எதற்கு?

## ‘-க்கூடும்’

‘வரக்கூடும்’ என்பது ‘வரலாம்’ என்பதன் உடுத்திய வடிவம் என்று பலர் நினைக்கிறார்கள். தொனியில் அது ஓரளவு உண்மைதான். அன்றாடப் பேச்சில் ‘-க்கூடும்’ அரிது, அச்சில் ஏராளம். ஆனால் அதன் மதிப்பு தொனியில் இல்லை. அனுமதியும் அழைப்பும் இதற்குள் நுழைவதில்லை. ‘நீங்கள் உள்ளே வரக்கூடும்’ என்று யாரும் அனுமதி தருவதில்லை. ‘அவர் முன்பே சொல்லியிருக்கக்கூடும்’ என்பதில் குறைகூறலும் இல்லை. அது ஊகம் மட்டுமே. மேலே சொன்ன விசாரணை அறிக்கையை எழுதுபவர் ‘கவனித்திருக்கக்கூடும்’ என்று எழுதினால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

இன்னொரு வசதியும் உண்டு. ‘-லாம்’ பெயரெச்சமாவதில்லை. ‘ஏற்படலாம்’ என்று வாக்கியத்தை முடிக்க முடியும். அதைப் பக்கவிளைவுகளுக்கு அடைமொழியாக்க முடியாது. அங்கே ‘ஏற்படக்கூடிய பக்கவிளைவுகள்’ என்று ‘-க்கூடிய’தான் கைகொடுக்கிறது.

மறைந்திருக்கும் செலவு எதிர்மறையில் இருக்கிறது, அது பெரிய செலவு. ‘வரக்கூடும்’ என்பதன் எதிர்மறை என்று நினைத்து ‘வரக்கூடாது’ என்று எழுதினால் அது தடையாகிவிடும். ‘இந்த மருந்தால் தூக்கம் வரக்கூடும்’ என்பதற்கு எதிராக ‘தூக்கம் வரக்கூடாது’ என்று எழுதினால், தூங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நோயாளியின் வீட்டார் புரிந்துகொள்வதில் வியப்பில்லை. எழுத வேண்டியது ‘வராமல் இருக்கக்கூடும்’ அல்லது ‘வராமல் போகக்கூடும்’. இயந்திர மொழிபெயர்ப்பைத் திருத்துவோர் இந்த ஓர் இடத்தில் கண்ணை விரித்து வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது செலவு, ‘-க்கூடிய’ தேய்ந்துவிட்டது. மேடைப் பேச்சிலும் ஒளிபரப்பிலும் ‘இங்கே இருக்கக்கூடிய மேசை’, ‘வந்திருக்கக்கூடிய விருந்தினர்கள்’ என்று கண்முன் இருப்பதற்கெல்லாம் அது ஒட்டிக்கொள்கிறது. மேசை இருக்கிறது, இருக்கக்கூடும் என்ற ஐயம் அங்கே எவருக்கும் இல்லை. காதுக்குக் கம்பீரமாகப் படுகிறது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தென்படவில்லை. கேடு என்னவென்றால், ‘இத்திட்டத்தில் இருக்கக்கூடிய குறைகள்’ என்று ஒருவர் கவனமாக எழுதினாலும், குறைகள் உள்ளனவா, இருக்கலாம் என்கிறாரா என்பதைப் படிப்பவர் உறுதி செய்ய முடியாது. உள்ளவற்றைச் சொல்ல ‘உள்ள’ என்ற சொல்லே போதும்.

## ‘ஒருவேளை’

தனியாக நிற்க விரும்பாத சொல் இது. ‘ஒருவேளை வந்தால்’, ‘ஒருவேளை வரலாம்’, ‘ஒருவேளை மறந்துவிட்டாரோ’ என்று நிபந்தனையோடோ ‘-லாம்’ என்பதோடோ ஓகார வினாவோடோ இணைந்தே இயல்பாக ஒலிக்கிறது. குறைந்த அளவைக் காட்டும். எதிர்பார்க்கவில்லை, ஆனாலும் விலக்கவில்லை என்ற மனநிலை இதில் உண்டு. முன்னேற்பாட்டைச் சொல்லும் இடத்தில் இதற்கு இணையில்லை: ‘ஒருவேளை மின்சாரம் நின்றால் இந்த விசையை அழுத்துங்கள்.’

எச்சரிக்கை ஒன்றே. ‘ஒரு வேளை’ என்று பிரித்து எழுதினால் அது ஒரு பொழுது, ஒரு தடவை என்றாகிவிடும். ‘ஒரு வேளை மாத்திரை’ என்பதும் ‘ஒருவேளை மாத்திரை’ என்பதும் வேறு.

## ‘அநேகமாக’, ‘பெரும்பாலும்’

பாதிக்கு மேல் என்று தெளிவாகச் சொல்லும் சொற்கள் தமிழில் குறைவு. ‘-லாம்’, ‘-க்கூடும்’, ‘ஒருவேளை’ மூன்றும் நடக்க இடமுண்டு என்பதோடு நின்றுவிடுகின்றன. எதிர்பார்ப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்ல வேண்டுமானால் ‘அநேகமாக’ அல்லது ‘பெரும்பாலும்’ வர வேண்டும். ‘அவர் அநேகமாக நாளை வருவார்’ என்றவுடன் கேட்பவர் நாளைக்கு நாற்காலி போட்டுவைக்கிறார். ‘ஒருவேளை நாளை வரலாம்’ என்றால் போடுவதில்லை.

இங்கே அடிக்கடி காணும் வழக்கம் ஒன்று எனக்கு ஒப்புவதில்லை: ‘அநேகமாக வரலாம்’. முன்பாதி சாய்வைக் காட்டுகிறது, பின்பாதி அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. படிப்பவர் எதை நம்புவார்? ‘அநேகமாக’ என்று தொடங்கினால் ‘வருவார்’, ‘வரும்’ என்று உறுதியான வினைமுற்றில் முடிப்பதே முறை. ஐயத்தை ஓரிடத்தில் சொன்னால் போதும்.

இரண்டு சொற்களுக்கும் உள்ள பொதுக் குறை, எண்ணிக்கையோடு அவை கலந்துவிடுவது. ‘அநேக’ என்றால் பல என்று பொருள். ‘பெரும்பால்’ என்றால் பெரும்பகுதி. ஆகவே ‘அநேகமாக எல்லோரும் வந்துவிட்டார்கள்’ என்பது சற்றேறக்குறைய எல்லோரும் என்பதா, எல்லோரும் வந்திருப்பார்கள் என்ற கணிப்பா? ‘பெரும்பாலும்’ என்பதில் இது இன்னும் கடுமை, ஏனெனில் ‘பெய்யும்’, ‘வருவார்கள்’ போன்ற வடிவங்கள் எதிர்காலத்தையும் வழக்கத்தையும் ஒருசேரக் காட்டுபவை. ‘பெரும்பாலும் மாலையில் மழை பெய்யும்’ என்பது இன்றைய கணிப்பாகவும் இருக்க முடியும், பருவத்தின் இயல்பைப் பற்றிய பொதுக் கூற்றாகவும் இருக்க முடியும். ‘இன்று மாலை பெரும்பாலும் மழை பெய்யும்’ என்று நாளைக் குறிப்பிட்டுவிட்டால் பொதுக் கூற்று விலகிவிடும். இந்தக் கலப்பு நம்மிடம் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பதற்கு ஒரு சான்று: ஆங்கிலச் சொல்லைக் கலந்து பேசும்போதும் ‘மோஸ்ட்லி நாளைக்கு வந்துருவேன்’ என்கிறோம். அந்த ஆங்கிலச் சொல் பெரும்பகுதி என்ற எண்ணிக்கைக்கு உரியது. அதற்குள் ‘பெரும்பாலும்’ என்பதன் இரண்டாம் பொருளை நாம் ஏற்றிவிட்டோம்.

தனித்தமிழை விரும்புவோர் ‘பெரும்பாலும்’ என்பதையே தேர்வார்கள், அதில் தவறில்லை. கணிப்பு மட்டும் வேண்டும், வழக்கம் குறுக்கே வரக்கூடாது என்ற இடத்தில் ‘அநேகமாக’ சற்றே மேல். ‘அநேகமாக’, ‘அனேகமாக’ என இரு விதமாகவும் அச்சில் வருகிறது. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

## ‘வாய்ப்பு’, ‘சாத்தியம்’

‘வாய்ப்பு’ பெயர்ச்சொல் என்பதால் வினைமுற்றுகளால் முடியாத ஒன்றை அது செய்கிறது: அளவை ஏற்கிறது. ‘அதிக வாய்ப்பு’, ‘குறைந்த வாய்ப்பு’, ‘முன்பைவிடக் கூடுதல் வாய்ப்பு’, ‘அதைவிட இதற்கே வாய்ப்பு’ என்று ஏற்றி இறக்க முடியும். இரண்டு நிகழ்வுகளை ஒப்பிட வேண்டிய கட்டுரையில் வேறு சொல்லைத் தேடுவது வீண்.

செலவு அதன் பிறப்பில் இருக்கிறது. வாய்த்தல் என்பது கிடைத்தல், பொருந்தி அமைதல். நல்ல வேலை வாய்க்கிறது, நல்ல துணை வாய்க்கிறது. ‘உயிரிழக்க வாய்ப்புள்ளது’, ‘பார்வை பறிபோகும் வாய்ப்பு’ என்று எழுதும்போது அந்த நல்லதன் சாயல் சொல்லை விட்டுப் போவதில்லை. செய்தி வழக்கு அதை மழுங்கச் செய்திருக்கிறது என்றாலும், நோயாளிக்கு எழுதும் கடிதத்தில் அது இன்னும் உறுத்தும். அங்கே ‘ஆபத்து உண்டு’ என்று எழுதலாம், ஆனால் ‘ஆபத்து’ அளவைக் கூட்டிக் காட்டும் சொல் என்பதை மறவாமல் ‘சிறிய ஆபத்து’, ‘மிக அரிதான ஆபத்து’ என்று உடனே கட்டுப்படுத்த வேண்டும்.

எதிர்மறையில் இன்னொரு பொறி. ‘வாய்ப்பு குறைவு’ என்று சொல்ல வந்தவர்கள் ‘வாய்ப்பில்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘வாய்ப்பில்லை’ கதவைச் சாத்திவிடும். பிறகு அது நடந்துவிட்டால், எழுதியவர் பொய் சொன்னார் என்றே ஆகும்.

‘சாத்தியம்’ வேறு கேள்விக்குப் பதில். ஒன்று நடக்க முடியுமா, முடியாதா என்பதையே அது சொல்கிறது. எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதைச் சொல்வதில்லை. ‘ஒரே நாளில் பாலத்தைத் திறப்பது சாத்தியம்’ என்றால் செய்ய இயலும் என்பது பொருள். திறப்பார்கள் என்பது அதில் அடங்காது. ‘சாத்தியக்கூறு’ என்ற நீட்சியை அளவுக்குப் பயன்படுத்துவோர் இருக்கிறார்கள். ‘அதிக சாத்தியக்கூறுகள்’ என்பதில் வழிகள் பலவா, வாய்ப்பு மிகுதியா என்ற குழப்பம் எழுவதால் நான் அதைத் தவிர்ப்பேன்.

## ‘போலிருக்கிறது’, ‘இருக்கும்’

இவை அளவைவிட ஆதாரத்தைக் காட்டுபவை. ‘மழை வரும் போலிருக்கிறது’ என்பவர் வானத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார். ‘அவர் இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பார்’ என்பவர் எதையும் பார்க்கவில்லை. அவருடைய வழக்கத்தை அறிந்து கணக்கிடுகிறார். ‘மணி பத்து இருக்கும்’ என்பதும் அவ்வாறே. ‘போயிருக்கலாம்’ என்பதைவிடப் ‘போயிருப்பார்’ வலிமையானது, ஏறத்தாழ ‘அநேகமாக’ என்பதற்கு இணையானது. ஆனாலும் ஐயத்தின் குறி எதுவும் வெளியே தெரிவதில்லை. அதனால் கடிதத்தில் ‘பணம் உங்களுக்கு வந்திருக்கும்’ என்று படிப்பவர், அனுப்பியவர் உறுதிசெய்துகொண்டு எழுதினாரா, கணக்குப் போட்டு எழுதினாரா என்று அறிய வழியில்லை.

‘போலிருக்கிறது’ பேச்சுச் சாயல் கொண்டது, கிண்டலுக்கும் எளிதில் இறங்கும்: ‘பெரிய மேதை போலிருக்கிறது’. முறையான எழுத்தில் ‘எனத் தோன்றுகிறது’ அதன் இடத்தை நிரப்பும். ‘எனத் தெரிகிறது’, ‘எனக் கூறப்படுகிறது’, ‘வருவாராம்’ ஆகியவற்றை இந்த வரிசையில் சேர்க்க வேண்டாம். அவை செய்தி பிறர் வழி வந்தது என்று மட்டுமே சொல்கின்றன; எழுதுபவர் எவ்வளவு நம்புகிறார் என்பதைச் சொல்லாமல் நழுவ அவை வசதியானவை.

நிகழ்தல் திண்ணம் என்ற எல்லையிலும் தமிழ் வினையின் காலத்தையே கருவியாக்குகிறது. வரப்போவதை இறந்தகாலத்தாலும் நிகழ்காலத்தாலும் சொல்வது இயற்கையையும் தெளிவையும் காட்டும் என்று தொல்காப்பியம் வினையியலில் விதி உண்டு. ஐயத்துக்கோ உம்மை இருக்கிறது: தொல்காப்பியமும் நன்னூலும் உம்மையின் எட்டுப் பொருள்களுள் ஐயத்தையும் வைக்கின்றன. இன்றைய ‘வந்தாலும் வருவார்’, ‘வந்தாலும் வரலாம்’ என்னும் வழக்கிலும் உம்மை அந்த ஐயத்தைச் சுமக்கிறது. நம்பிக்கை குறைவு, ஆனால் வியப்படையவும் மாட்டேன் என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வேறு வடிவம் இல்லை. முறையான அறிக்கையில் மட்டும் அது பொருந்தாது.

## எண்ணாகவே சொல்லிவிட்டால்?

நிகழ்தகவு தெரிந்திருந்தால் சொல்லை நம்புவானேன் என்று கேட்கலாம். காலநிலை மாற்றம் குறித்த அரசுகளுக்கிடையேயான குழு இரண்டையும் பிணைத்து ஒரு வழி கண்டது. அதன் அறிக்கைகளில் ‘நிகழக்கூடியது’ என்ற நிலைக்கு 66 முதல் 100 விழுக்காடு, ‘மிகவும் நிகழக்கூடியது’ என்றால் 90 முதல் 100, ‘நிகழ வாய்ப்புக் குறைந்தது’ என்றால் 0 முதல் 33 என்று சொல்லுக்கு எண் வரம்பு கட்டப்பட்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மருந்துக் குறிப்புகளிலும் பக்கவிளைவுகளுக்கு இத்தகைய வரையறை உண்டு: பத்தில் ஒருவருக்கோ அதற்கு மேலோ வந்தால் ‘மிகப் பரவலானது’, நூறில் ஒருவர் முதல் பத்தில் ஒருவருக்கும் குறைவு வரை ‘பரவலானது’, பத்தாயிரத்தில் ஒருவர் முதல் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு வரை ‘அரிதானது’. எண்ணைக் காட்டாமல் அந்தச் சொற்களை மட்டும் படித்தவர்கள் ஆபத்தை மிகுதியாகவே மதிப்பிட்டார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ‘பரவலானது’ என்றால் நம்மில் யார்தான் நூறில் இரண்டு பேர் என்று நினைப்போம்?

எனினும் எண்ணும் தானாகப் பேசிவிடாது. 2005இல் வெளியான ஆய்வொன்றில் ஆம்ஸ்டர்டாம், ஏதென்ஸ், பெர்லின், மிலான், நியூயார்க் நகரத்து மக்களிடம் ‘நாளை மழைக்கு 30 விழுக்காடு வாய்ப்பு’ என்பதன் பொருள் கேட்கப்பட்டது. நாளின் 30 விழுக்காட்டு நேரம் பெய்யும் என்றவர்கள் உண்டு, ஊரின் 30 விழுக்காட்டுப் பரப்பில் பெய்யும் என்றவர்களும் உண்டு. இத்தகைய நாட்கள் பத்தில் மூன்றில் மழை பெய்யும் என்ற சரியான பொருளைப் பெரும்பான்மையோர் சொன்னது நியூயார்க்கில் மட்டும். எதில் எத்தனை என்று சொல்லாத விழுக்காடு, சொல்லைப் போலவே மயங்கவைக்கும்.

இன்னொரு செலவு, போலித் துல்லியம். கணக்கு எதுவும் இல்லாமல் ‘80 விழுக்காடு வருவேன்’ என்பவர் ‘அநேகமாக வருவேன்’ என்பதற்கு மேல் எதையும் சொல்லிவிடவில்லை.

## ஒரே பார்வையில்

| சொல் | அளவு | எதிர்மறை | மறைந்த செலவு | மேலான இடம் |
|---|---|---|---|---|
| -லாம் | சொல்வதில்லை | -ஆமல் இருக்கலாம் | அனுமதி, அழைப்பு, குறைகூறல் | பேச்சு, எளிய அறிவுரை |
| -க்கூடும் | சொல்வதில்லை | -ஆமல் இருக்கக்கூடும் | ‘-க்கூடாது’ தடையாகும் | அறிக்கை, கடந்தகால ஊகம் |
| ஒருவேளை | குறைவு | -ஆமல் போனால் | பிரித்தெழுதினால் பொருள் மாறும் | முன்னேற்பாடு |
| அநேகமாக | பாதிக்கு நன்கு மேல் | அநேகமாக வராது | எண்ணிக்கையோடு கலப்பு | ஒற்றை நிகழ்வின் கணிப்பு |
| பெரும்பாலும் | பாதிக்கு மேல் | பெரும்பாலும் வராது | வழக்கத்தோடு கலப்பு | நாள் குறித்த கணிப்பு |
| வாய்ப்பு | ஏற்றி இறக்கலாம் | வாய்ப்பு குறைவு | நல்லதன் சாயல் | ஒப்பீடு |
| சாத்தியம் | இயலுமா என்பது மட்டும் | சாத்தியமில்லை | அளவென்று மயங்குதல் | திட்டமிடல் |
| போலிருக்கிறது | அறிகுறியைப் பொறுத்தது | வராது போலிருக்கிறது | கிண்டல் தொனி | நேரில் கண்டதைச் சொல்லுதல் |
| எண் | துல்லியம் | எண்ணே | எதில் எத்தனை என்ற மயக்கம் | தரவு உள்ள இடம் |

## மூன்று இடங்களில் பொருத்திப் பார்த்தால்

மருந்துக் குறிப்பில் ‘தலைச்சுற்றல் வரலாம்’ என்று மட்டும் இருந்தால், அனுமதி என்று யாரும் படிக்கப்போவதில்லை. அங்கே இரட்டைப் பொருள் தொல்லை தராது. தொல்லை தருவது அளவின்மை. எண் இருக்கும்போது அதை எழுதாமல் விடக் காரணம் இல்லை: ‘இம்மருந்தை உட்கொள்ளும் நூறு பேரில் சுமார் இரண்டு பேருக்குத் தலைச்சுற்றல் வரும்.’ இந்த வாக்கியத்தில் ஐயச் சொல் எதுவும் வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள். நூறு பேரில் இருவர் என்ற கணக்கே ஐயத்தைச் சுமந்துகொள்கிறது. ‘இரண்டு பேருக்கு வரக்கூடும்’ என்று கூட்டினால், அந்த இரண்டும் உறுதியில்லை என்றாகிவிடும்.

விசாரணை அறிக்கையில் எண் கிடைக்காது, ஆதாரம் கிடைக்கும். அங்கே ‘-லாம்’ என்பதை இறந்தகால வினையோடு சேர்ப்பதை அடியோடு விட்டுவிட்டு, ‘-க்கூடும்’ என்பதையும் அதன் ஆதாரத்தையும் ஒரே மூச்சில் எழுதுவது பாதுகாப்பானது: ‘கதவின் உட்பக்கத் தாழ் உடையாமல் இருப்பதால், வந்தவர் சாவியைப் பயன்படுத்தியிருக்கக்கூடும்.’ ஆதாரம் பல பக்கங்களிலிருந்தும் ஒரே திசையைக் காட்டினால் ‘அநேகமாகச் சாவியைப் பயன்படுத்தியே உள்ளே வந்திருக்கிறார்’ என்று ஏற்றிக்கொள்ள வேண்டும். அப்போதும் ‘-க்கூடும்’ என்பதையே பிடித்துக்கொண்டிருப்பது எழுதுபவரைக் காக்குமே தவிர, படித்து முடிவெடுக்க வேண்டியவருக்கு உதவாது.

அழைப்புக்குப் பதில் எழுதுவது மூன்றாவது. இங்கே தவறினால் செலவு அழைத்தவர் தலையில் விழுகிறது. ‘வர முயல்கிறேன்’, ‘வரலாம் என்று இருக்கிறேன்’, ‘வந்தாலும் வருவேன்’ ஆகிய மூன்றும் இருக்கை ஒதுக்க வேண்டியவருக்குப் பயன்படாதவை. முதலாவது மரியாதையான மறுப்பாகவும், இரண்டாவது திட்டமாகவும், மூன்றாவது அலட்சியமாகவும் ஒலிக்க முடியும். சாய்வையும், அது மாறினால் எப்போது தெரியவரும் என்பதையும் சேர்த்து எழுதினால் அவர் தம் வேலையைப் பார்த்துக்கொள்ள முடியும்: ‘அநேகமாக வருவேன். வர இயலாது என்றால் புதன்கிழமை மாலைக்குள் தெரிவித்துவிடுகிறேன்.’